பதினொரு தௌ

கானாடுகாத்தானில் ஒரு மோட்டார் கொட்டகை,
உள்ளே ஐந்து புள்ளிக்குப் பொதுவான ஆஸ்டின்.
சினிமாவுக்கு நாள் வாடகை ஒன்பதாயிரம்.
கதாநாயகி பின்சீட்டில் அழ வேண்டும்,
வண்டி மெதுவாக வாசலைத் தாண்ட வேண்டும்,
அவ்வளவுதான் காட்சி.

ஒலிப்பதிவாளர் ஜெரோம்
காதில் மாட்டியதைக் கழற்றாமலே சொன்னாராம்:
"அழுகைக்குள்ள யாரோ டைப் அடிக்கிறாங்க."

எனக்கு முன்னால் வந்த கை
டைப்பை நிறுத்திக் கொடுத்திருக்கிறது.
புத்தகத்தில் பதினைந்து தௌ.
ஆறின இஞ்சினில் அதை நாலாக இறுக்கிவிட்டுக்
கூலி வாங்கிப் போய்விட்டது.
அன்று மாலை அழுகை சுத்தமாகப் பதிவானது.
மறுநாள் மூன்றாவது சிலிண்டரில் மூச்சில்லை.
இன்னும் மூன்று ஷாட் பாக்கி.

ஹெட்டைக் கழற்றினேன்.
ஐந்தாம் வால்வு, எக்ஸாஸ்ட்,
ஓரம் அப்பளத்தைக் கடித்த மாதிரி.
சூட்டில் தண்டு நீளும்; நீள இடமில்லை.
உட்கார வேண்டிய நேரத்தில் உட்கார முடியாமல்
நெருப்பை நின்றபடியே வாங்கியிருக்கிறது.

புது வால்வு போட்டேன், சீட்டைத் தேய்த்தேன்,
சூட்டோடு, புத்தகப்படி, பதினைந்து வைத்தேன்.
ஓட்டினால் மறுபடி டைப்.
ஜெரோம் என்னைப் பார்த்தார்.
நான் புத்தகத்தைப் பார்த்தேன்.
புத்தகம் பர்மிங்ஹாமைப் பார்த்துக்கொண்டிருந்தது.

புள்ளிகளில் நாலு வெளியூர்.
ஊரில் இருந்தவர் சிகப்பி, ஆடிட்டர்,
ஸ்கூட்டரில் வந்தார், சீட்டுக்கடியில் பழைய கணக்குநோட்டு.
விரலால் இறங்கி ஓரிடத்தில் நின்றார்:
"அறுபத்தெட்டு, ஆவணி. கோயம்புத்தூர்.
கேம் தேய்த்த வகையில் ரூபாய் நூற்று நாற்பது."
எழுதாமல் விட்டதில்லை எதையும்.
எத்தனை தௌ என்பதை மட்டும் எழுதவில்லை.

ராக்கரை எடுத்துவிட்டுப்
புஷ்ராடு தலையில் டயல் கேஜை நிறுத்தினேன்.
கேம் என்றால் முட்டை என்பார்கள். பாதி உண்மை.
வட்டம் முடிந்து முட்டை தொடங்கும் முன்னால்
ஒரு சின்னச் சாய்வு உண்டு,
கண்ணுக்குத் தெரியாது, முள்ளுக்குத் தெரியும்.
அந்தச் சாய்வுக்குள்ளேயே இடைவெளி தீர வேண்டும்:
மெல்ல வந்து தொட வேண்டும்,
தொட்ட பிறகே தூக்க வேண்டும்.
சாய்வு முடிந்தும் இடைவெளி மிச்சமிருந்தால்
அதற்குப் பெயர் தொடுவதில்லை, அறைவது.

கோயம்புத்தூர்க்காரர் சாய்வைக் குட்டையாக விட்டிருந்தார்.
கிராங்கைத் திருப்பத் திருப்ப
முள் ஊர்ந்தது, ஊர்ந்தது,
ஒன்பது தௌ தாண்டியதும் ஓட்டம் பிடித்தது.
ராக்கரில் பெருகினால் பன்னிரண்டரை.
பதினொன்று வைத்தால் ஒன்றரை கைவசம்.

எட்டு திறந்திருக்கையில் ஒன்றைப் பார்,
நாலு திறந்திருக்கையில் ஐந்தைப் பார்,
கூட்டினால் எப்போதும் ஒன்பது.
சிகப்பிக்குச் சிரிப்பு:
"எங்களுக்குக் கோயிலும் ஒன்பதுதான்."
ஃபீலர் தகட்டை இழுத்துப் பார்த்தேன்.
நனைந்த சட்டைப் பையிலிருந்து
ரூபாய் நோட்டை எடுப்பதுபோல வரவேண்டும்,
அப்படி வந்தது.

ஓட்டினேன். டைப் நின்றிருந்தது.
நின்ற இடத்தில்
அடுத்த அறையில் யாரோ நகம் வெட்டும் சத்தம்.
"இதுக்கும் கீழ போகலாமா, ரவூஃப் பாய்?"
"போகலாம். முதலில் சத்தம் போகும்,
பின்னாலேயே வால்வும் போகும்."
அவர் ரொம்ப நேரம் கேட்டார்.
பிறகு எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு
அந்தச் சத்தத்தை மட்டும் அரை நிமிடம் பதிவுசெய்தார்.
நடுவில் ராமேஸ்வரம் ரயில் போனது.
மறுபடி முதலிலிருந்து.

காரைக்குடியில் படம் வந்தபோது போனேன்.
அழுகை வேறு யாருடைய குரலோ.
ஆஸ்டினுக்குள் ஓடுவது ஏதோ டீசல்.
என் பதினொன்று எங்கேயும் கேட்கவில்லை.

ராக்கர் மூடியின் உட்புறம்
எண்ணெயைத் துடைத்து ஆணியால் கீறி வைத்திருக்கிறேன்,
11 என்று, சூட்டோடு என்று.
சிகப்பியும் குறித்துக்கொண்டார்
நூற்று நாற்பது ரூபாய்க்கு நேர் எதிரே.
குறித்து முடித்து, மூடி போட்ட பேனாவைத்
திரும்பத் திறந்து கேட்டார்,
கூலி எவ்வளவு என்று.